பள்ளியிற் புகுந்த பட்டறை: தொழிலாசிரியர் வந்த வரலாறு

ஆசிரியர் என்ற மாத்திரத்தில் நம்மவர் மனக்கண் முன் தோன்றுவன மூன்று: கையிற் சுண்ணக்கட்டி, முதுகுக்குப் பின்னே கரும்பலகை, மேசையின் மேற் புத்தகம். இம்மூன்றும் இன்றி, மார்பில் தோலாடை கட்டிக்கொண்டு, கையில் உளியும் கொட்டாப்புளியும் பிடித்து, மரத்தூளுக்கும் இரும்புத் துகளுக்கும் நடுவே நிற்கும் ஒருவரைச் சுட்டி, ‘இவரும் ஆசிரியரே’ என்று சொன்னால், நம்மிற் பலர் நகைப்பர். ‘இவர் ஆசாரியல்லவா!’ என்பர். ஆசாரி என்னுஞ் சொல்லே ஆசாரியன் என்பதன் திரிபு என்பதை அவர்கள் அறிந்திலர். ஒரு காலத்தில் ஒன்றாயிருந்த இரண்டு பெயர்களுள் ஒன்று கோவிலுக்கும் கலாசாலைக்கும் சென்று மதிப்புப் பெற்றது. மற்றொன்று உலைக்களத்திலேயே தங்கிவிட்டது.

ஐக்கிய அமெரிக்க நாட்டின் உயர்தரப் பள்ளிகளில் இவ்விரண்டு பெயர்களையும் ஒருங்கே தாங்கி நிற்கும் ஆசிரியர் ஒருவர் உளர். தச்சு வேலை, இரும்பு ஒட்டுவேலை, மோட்டார் வண்டி பழுது பார்த்தல், மின்சார வேலை, பயிர்த்தொழில், சமையல், நோயாளரைப் பேணுதல், கணினி முதலியவற்றை 14 முதல் 18 வயது வரையுள்ள மாணவருக்குக் கற்பிப்பது இவர் கடமை. இவரது கல்வித் துறைக்கு இக்காலத்தில் வழங்கும் பெயர், தொழில்வாழ்வு மற்றும் தொழில்நுட்பக் கல்வி என்பது. இவர் பள்ளியினுள் புகுந்து ஏறக்குறைய 150 ஆண்டுகள் ஆகின்றன. அவர் எளிதாக நுழைந்துவிடவில்லை. எந்தப் பிள்ளை கையால் உழைப்பது, எந்தப் பிள்ளை மூளையால் ஆள்வது, இதனை முடிவு செய்பவர் யார் என்னும் பெரு வழக்கு அவரைப் பின்தொடர்ந்தே பள்ளிக்குள் வந்தது. தோட்டத்திலும் பட்டணத்திலும் வாழும் தமிழராகிய நமக்கு அவ்வழக்கு அயலார் வழக்கன்று.

பள்ளியிற் பட்டறை தோன்றுமுன் தொழில் எங்ஙனம் கற்பிக்கப்பட்டது? ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பையன் ஒருவனைத் தொழில் வல்லார் ஒருவரிடம் ஒப்பந்தம் எழுதி ஒப்படைப்பர். அவன் பல ஆண்டுகள் அவர் வீட்டிலேயே உண்டு உறங்கி, தண்ணீர் சுமந்து, பட்டறை கூட்டி, இடையிடையே தொழிலையும் கண்டு பழகுவான். அவருடைய நோக்கம் பொருள் செய்து விற்பதேயன்றிக் கற்பிப்பதன்று. பையன் கற்றது பெரும்பாலும் பார்த்துத் திருடியதே. நம் நாட்டிலோ ஒப்பந்தமும் வேண்டாவாயிற்று. தகப்பன் தொழில் மகனுக்கு என்று பிறப்பே எழுதிவைத்துவிட்டது. நீராவி யந்திரமும் ஆலைகளும் பெருகிய 19-ஆம் நூற்றாண்டில் மேனாட்டார் முறை உடைந்தது. செருப்பு ஆலையிற் சேர்ந்த சிறுவன் செருப்புத் தைக்கக் கற்றானில்லை. ஒரு யந்திரத்தின் முன் நின்று ஒரு தையலை மட்டும் ஆயிரம் முறை போட்டான். வேலையைப் பிரித்துக் கொடுப்பதால் முதலாளிக்கு இலாபம் உண்டு. பையன் மட்டும் தொழிலற்றவனாகிறான். அங்ஙனமாயின் முழுத் தொழிலையும் அறிந்தவனை ஆக்குவது யார்?

இவ்வினாவுக்கு முதலில் ஒழுங்கான விடை கண்டது, வாசக நேயர் பலர் எதிர்பாராத இடமாகிய மாஸ்கோ நகரம். அங்கிருந்த அரசாங்கத் தொழில்நுட்பக் கலாசாலையின் தலைவர் விக்தர் டெல்லா-வோஸ் என்பவர், 1868-ஆம் ஆண்டளவில் ஒரு புதுமை செய்தார். கலாசாலையில் ஏற்கெனவே பட்டறைகள் இருந்தன. அவை விற்பனைக்குப் பொருள் செய்யும் பட்டறைகள். அவற்றினின்றும் கற்பிக்கும் பட்டறைகளை அவர் தனியே பிரித்தார். பார்வைக்குச் சிறியதாகிய இச்செய்கையே இவ்வரலாற்றின் திருப்பம் என்பது என் துணிபு. விற்பனைப் பட்டறையில் பையன் செய்யும் பிழை நஷ்டம். கற்பிக்கும் பட்டறையில் அதே பிழை பாடம். முதலிடத்தில் அவனுக்குத் துடைப்பமே கிடைக்கும், பின்னதில் அவனுக்கென்றே ஓர் இடமும் ஒரு கட்டுக் கருவிகளும் வைக்கப்பட்டிருக்கும்.

டெல்லா-வோஸ் அத்துடன் அமையவில்லை. தச்சு, கடைசல், கொல்லு, அரவேலை ஆகிய ஒவ்வொரு தொழிலையும் எடுத்து, அத்தொழிலில் வழங்கும் கருவிகள் யாவை, ஒவ்வொரு கருவியாலும் நிகழும் செயல்கள் யாவை என்று பகுத்தார். அச்செயல்களை எளியது முன்னும் அரியது பின்னுமாக வரிசைப்படுத்தினார். வரிசையில் ஒவ்வொரு படிக்கும் ஒரு மாதிரிப் பொருளும் ஒரு வரைபடமும் அமைத்தார். மாணவன் முதலில் வரைபடத்தைப் படித்தல் வேண்டும். பின்னர் அளவெடுத்துக் கோடு கிழித்தல் வேண்டும். அதன் பின்னரே இரும்பிற் கைவைக்கலாம். ஒரு படி தேறாதவன் அடுத்த படிக்குச் செல்லான். ஒருவர் ஒருவனுக்குக் காட்டிக்கொடுக்கும் பழைய முறை மாறி, ஒரே ஆசிரியர் ஒரே வேளையில் ஒரு வகுப்பு முழுவதற்கும் உளி பிடிக்கக் கற்பிக்கலாம் என்றாயிற்று. அகர வரிசை எழுத்துக்கு உண்டென்பதை உலகம் அறிந்திருந்தது. உளிக்கும் அரத்துக்கும் அகர வரிசை உண்டென்று காட்டியவர் இவர்.

மாஸ்கோ மாணவர் செய்த மாதிரிகள் 1873-இல் வியன்னாக் கண்காட்சியிலும், 1876-இல் பிலடெல்பியா நகரில் அமெரிக்கச் சுதந்தரத்தின் நூற்றாண்டு விழாக் கண்காட்சியிலும் வைக்கப்பட்டன. பிலடெல்பியாவில் அவற்றைக் கண்டு வியந்தவருள் ஒருவர் ஜான் ரங்கிள். இவர் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கலாசாலையின் அக்காலத்துத் தலைவர், கணித நிபுணர். தாம் நெடுநாள் தேடிய வழி இதுவே என்று கண்டு, தம் கலாசாலையிலேயே கைவினைப் பள்ளி ஒன்றை உடனே தொடங்கினார்.

மற்றொருவர் செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கால்வின் உட்வர்டு. இவரும் கணிதம் கற்பித்தவரே. இயக்கவியற் பாடத்தில் ஒரு கணக்கை விளக்குதற்பொருட்டு மரத்தால் மாதிரி ஒன்று செய்யுமாறு இவர் தம் மாணவரைப் பணித்தார். கணக்கில் வல்லவரான அம்மாணவர்க்கு மரத்தை அறுக்கவும் தெரியவில்லை, இழைக்கவும் தெரியவில்லை. பாலத்தைக் கணக்கிட வல்லவன் பலகையை அறுக்க அறியான் என்னும் இந்நிலை அவர் உள்ளத்தைத் தைத்தது. அதன் பயனாக 1879-இல் நிறுவப்பெற்று 1880 செப்டம்பரில் திறக்கப்பட்டதே செயின்ட் லூயிஸ் கைப்பயிற்சிப் பள்ளி.

அப்பள்ளியின் நாட்கூறுபாட்டை நேயர்கள் ஊன்றி நோக்க வேண்டுகிறேன். 14 வயது நிரம்பிய பையன் அங்கே மூன்றாண்டு பயில்வான். நாள்தோறும் கணிதம் ஒரு மணி, விஞ்ஞானம் ஒரு மணி, மொழி ஒரு மணி, வரைதல் ஒரு மணி, பட்டறை இரண்டு மணி. முதலாண்டு தச்சும் மரக்கடைசலும், இரண்டாமாண்டு உலைக்கள வேலை, மூன்றாமாண்டு யந்திரப் பட்டறை. விற்பதற்கென்று அங்கு ஒன்றும் செய்யப்படவில்லை. எல்லாப் பையன்களும் எல்லாப் பட்டறைகளிலும் பயின்றனர். தச்சனாக வேண்டியவன் தச்சு மட்டும், கொல்லனாக வேண்டியவன் கொல்லு மட்டும் என்பது அங்கில்லை. உட்வர்டின் கருத்து, பையனைக் கொல்லனாக்குவதன்று. எதிர்காலத்தில் அவன் வழக்கறிஞனாயினும் வணிகனாயினும் கொல்லனாயினும், கையும் கருத்தும் ஒருங்கே பயின்ற மனிதனாக ஆக்குவது.

இதற்கு எதிர்ப்பு எங்கிருந்து வந்தது? அதே செயின்ட் லூயிஸ் நகரத்துப் பள்ளிகளின் தலைவராயிருந்தவரும், பின்னர் 1889 முதல் 1906 வரை அமெரிக்க நாட்டின் கல்வி ஆணையராயிருந்தவருமாகிய வில்லியம் டோரி ஹாரிஸ் என்னும் தத்துவ அறிஞரிடமிருந்து வந்தது. பள்ளியின் கடமை மனிதனது அறிவைத் திறப்பது. அதற்கு எழுத்தும் கணக்கும் இலக்கியமும் வரலாறுமே திறவுகோல்கள். அவற்றோடு ரம்பத்தைச் சரிநிகராக வைப்பது தகாது என்பது அவர் வாதம். இவரை வீண் பெருமைக்காரர் என்று தள்ளிவிடல் நேர்மையன்று. ஏழை வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளியிற் கிடைக்கும் காலம் மிகக் குறைவு. அதையும் பட்டறை தின்றுவிடலாகாது என்னும் அச்சத்தில் உண்மையுண்டு. ஆயினும் நாடு உட்வர்டின் பக்கமே சாய்ந்தது. 1884-இல் சிகாகோவில் வணிகர் கழகம் ஒரு கைப்பயிற்சிப் பள்ளியைத் திறந்தது. அதே ஆண்டில் பால்டிமோர் நகரம் பொதுமக்கள் வரிப்பணத்திலேயே ஒன்றை நடத்தத் தொடங்கியது.

இதே காலத்தில் வடதிசையினின்றும் ஒரு சிற்றாறு வந்து கலந்தது. பின்லாந்து நாட்டில் ஊனோ சிக்னேயஸ் என்பவரது முயற்சியால் 1866-இல் கைவேலை நாட்டுப்புறப் பள்ளிகளிற் கட்டாயப் பாடமாயிற்று. ஸ்வீடனில் ஆட்டோ சாலமன் என்பவர் நேஸ் என்னுமிடத்தில் ஆசிரியர்களுக்கே இதனைப் பயிற்றினார். ஸ்லாய்டு என்பது இதன் பெயர். மாஸ்கோ முறையில் மாணவன் செய்வது வெறும் பொருத்துக்களும் துண்டுகளுமே; ஸ்லாய்டு முறையிலோ அகப்பை, கத்திப்பிடி, முக்காலி என வீட்டுக்கு உதவும் முழுப்பொருள் ஒன்றைச் செய்து தாயிடம் கொண்டுபோய்க் கொடுப்பான். பையன் உள்ளத்தை அறிந்தவர் இவரே என்று சொல்லத் தோன்றுகிறது.

நிற்க. இதுகாறும் கூறியது வெள்ளையர் பள்ளிகளின் கதை. அமெரிக்காவின் தென் மாகாணங்களில் இத்தொழிலாசிரியர் வேறொரு கோலத்தில் தோன்றினார்.

அடிமைத்தளையினின்றும் 1865-இல் முற்றும் விடுபட்ட கறுப்பின மக்களுக்கென, சாமுவேல் ஆம்ஸ்டிராங் என்னும் படைத்தலைவர் 1868-இல் வர்ஜீனியாவில் ஹாம்ப்டன் கல்விக்கூடத்தைத் தொடங்கினார். அங்கே கூட்டுதல் பெருக்குதல் செய்து படித்துத் தேறியவர் புக்கர் டி. வாஷிங்டன்; அடிமையாய்ப் பிறந்தவர். அவர் 1881-இல் அலபாமா மாகாணத்து டஸ்கீகியில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். கட்டடம் வேண்டும், கட்டடத்துக்குச் செங்கல் வேண்டும், வாங்கப் பணமில்லை. மாணவரைக்கொண்டே செங்கல் அறுத்துச் சூளை வைத்தார். முதற் சூளை கெட்டது. இரண்டாவதும் மூன்றாவதும் கெட்டன. தம் கைக்கடிகையை அடகு வைத்து அப்பணத்தால் நாலாவது சூளை வைத்தார். அது வெந்து வந்தது. இருபது ஆண்டுகளுக்குப்பின் 1901-இல் வெளிவந்த தம் சரிதையில், ஒரே பருவத்தில் மாணவர் 12 லட்சம் செங்கல் செய்ததாகவும், பள்ளியிலுள்ள 40 கட்டடங்களில் நான்கு நீங்கலாக ஏனையவெல்லாம் பெரும்பாலும் மாணவர் கையாலேயே எழுந்தவை என்றும் அவர் எழுதியுள்ளார். அடகு வைத்த கடிகை மட்டும் திரும்பவேயில்லை.

மாணவர் கட்டினர் சரி. கட்டடங்களை வரைந்து கொடுத்தவர் யார்? ராபர்ட் டெய்லர் என்பவர். மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கலாசாலையிற் கட்டடக்கலை பயின்று 1892-இல் பட்டம் பெற்ற முதற் கறுப்பினத்தவர் இவர். ரங்கிள் தலைவராயிருந்த அதே கலாசாலைதான் அது. வடக்கே உயர்ந்த சம்பளம் தேடிப் போகாமல் அவர் டஸ்கீகிக்கு வந்து, மாணவர்க்கு வரைபடம் கற்பித்தார். பின்னர்த் தொழிற்பகுதிகள் அனைத்திற்கும் தலைவரானார். காலையில் வகுப்பறையிற் கோடு கிழிக்கக் கற்ற பையன், மாலையில் அக்கோடு சுவராக எழுவதைத் தன் கையாலேயே காண்பான். 1898-இல் முடிந்த டஸ்கீகி ஆலயம் அங்ஙனம் எழுந்ததே. 1942-இல் அந்த ஆலயத்தினுள்ளேயே டெய்லர் மயங்கி வீழ்ந்து உயிர் நீத்தார்.

வாஷிங்டனின் கொள்கை, முதலிற் கைத்தொழில், பொருள் சேரட்டும், உரிமைகள் தாமே பின்வரும் என்பது. 1895-இல் அட்லாண்டா நகரில் வெள்ளையர் நிறைந்த பேரவையில் இதனை அவர் எடுத்துரைத்தபோது அவர்கள் ஆரவாரம் செய்தனர். வெள்ளை முதலாளிகள் அவர் பள்ளிக்குப் பணத்தை வாரி வழங்கினர். இவ்வாரவாரத்தையும் இப்பணத்தையும் ஐயுற்று நோக்கியவர், ஹார்வர்டு பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்ற டுபாய்ஸ் என்னும் கறுப்பின அறிஞர். அழுக்கடைந்த குடிசையில் அமர்ந்து ஒரு கறுப்பினச் சிறுவன் பிரெஞ்சு இலக்கணம் படிப்பதைப் பரிதாபத்துக்குரிய காட்சியென வாஷிங்டன் எழுதியிருந்தார். அச்சிறுவனுக்கு இலக்கணம் ஏன் கூடாதென்று டுபாய்ஸ் 1903-இல் வெளியிட்ட நூலில் எதிர்த்துக் கேட்டார். கைத்தொழிற் கல்வியை அவர் பழிக்கவில்லை. அது ஒன்றே உங்களுக்குப் போதும் என்று பிறர் வரையறுப்பதையே பழித்தார். டஸ்கீகிப் பள்ளியே உயர்கல்வி கற்ற கறுப்பின ஆசிரியர்கள் இல்லாமல் ஒரு நாளும் நடவாது என்பதையும் சுட்டிக்காட்டினார். அதற்கு டெய்லரினும் வேறு சான்று வேண்டுவதில்லை. செங்கல் அறுக்கக் கற்பிக்கும் பள்ளிக்கும் பட்டம் பெற்ற ஒருவர் தேவைப்பட்டார்; அவர் செங்கற் பள்ளி ஒன்றை மட்டும் கண்டிருந்தால் ஆலயத்தை வரைந்திருக்க மாட்டார்.

இவ்விருவருள் யார் சொல் மெய் என்று அமெரிக்கர் இன்றும் வாதிடுகின்றனர். டஸ்கீகியினின்றும் வெளிவந்தோரிற் பெருந்தொகையினர் தச்சரும் கொல்லருமாகாது, நாட்டுப்புறப் பள்ளி ஆசிரியராகவே சென்றனர் என்பதை நோக்கின், வாஷிங்டன் வெளியிற் சொன்னதைவிட உள்ளே அதிகம் செய்தார் என்பது விளங்கும். எனினும் டுபாய்ஸின் ஐயமே என் உள்ளத்துக்கு அண்மையில் நிற்கிறது. காரணத்தைக் கூறுவேன்.

1953-இல் சென்னை மாநிலத்தில் முதலமைச்சர் இராஜகோபாலாச்சாரியார் தொடக்கப் பள்ளிகளுக்குப் புதிய திட்டம் ஒன்று கொண்டுவந்தார். நாட்டுப்புறப் பிள்ளைகள் ஒரு நாளில் ஏறக்குறைய மூன்று மணி நேரம் மட்டும் பள்ளியிற் படித்து, எஞ்சிய நேரத்தில் தத்தம் பெற்றோரின் தொழிலைப் பழகுதல் வேண்டும் என்பது அது. பள்ளியில் இடம் போதாமைக்கும் பணமின்மைக்கும் அது ஒரு வழியென்று சொல்லப்பட்டது. குலக்கல்வித் திட்டம் என்று பெயர் சூட்டித் தந்தை பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் அதனை மூர்க்கமாக எதிர்த்தனர். 1954-இல் இராஜகோபாலாச்சாரியார் பதவி விலகக் காமராசர் முதலமைச்சரானார், திட்டம் கைவிடப்பட்டது. இத்திட்டத்தைச் செயின்ட் லூயிஸ் பள்ளியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே எவனும் தன் தகப்பன் தொழிலுக்கு அனுப்பப்படவில்லை. எல்லாரும் எல்லாத் தொழிலும் கற்றனர். இங்கே பிறப்பே பட்டறையைத் தேர்ந்தெடுத்தது. அங்கே வரிசைப்படுத்திக் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் இருந்தார்; இங்கே பிற்பகலுக்கு ஆசிரியரே இல்லை, தகப்பனே ஆசிரியர். சவரத் தொழிலாளி மகன் சவரத்தையும், சலவைத் தொழிலாளி மகன் சலவையையும் கற்பதற்கு அரசாங்கம் எதற்கு? கைத்தொழிலைப் பள்ளியிற் கற்பித்தல் வேறு. பிள்ளையைக் கைத்தொழிலுக்கு ஒதுக்கிவைத்தல் வேறு.

மீண்டும் அமெரிக்காவுக்குச் செல்வோம். 1905-இல் மாசச்சூசெட்ஸ் மாகாண ஆளுநர் டக்ளஸ் ஒரு விசாரணைக் குழுவை அமைத்தார். டக்ளஸ் தாமே பெரிய செருப்பு ஆலை முதலாளி. மறு ஆண்டில் வெளிவந்த அறிக்கை, 14 முதல் 16 வயது வரையுள்ள 25,000 பிள்ளைகள் பள்ளியிலும் இல்லை, தொழிலைக் கற்பிக்கும் வேலையிலும் இல்லை என்று கண்டது. ஆலை வாயில்களில் எடுபிடிகளாய் அவர்கள் இரண்டாண்டுகளை வீணாக்கினர். உட்வர்டின் பள்ளி மனிதனை உருவாக்கலாம். இப்பிள்ளைகளுக்கு நாளைச் சோறு தரும் தொழிலைக் கொடுப்பது யார் என்னும் கூக்குரல் எழுந்தது. முதலாளிகள் சங்கமும் தொழிலாளர் சங்கமும் வெவ்வேறு காரணத்தால் ஒரே குரலிற் பேசிய அரிய காட்சி அது. முதலாளிக்குப் பயின்ற கைகள் வேண்டியிருந்தன. தொழிலாளர் தலைவர்க்கோ பயிற்சி முதலாளி கையிற் சிக்காமல் பொதுப் பள்ளியில் நடத்தல் வேண்டியிருந்தது.

அம்மாகாணத்துக் கல்வி ஆணையர் டேவிட் ஸ்னெடன் என்பாரும், அவருடைய துணைவர் சார்லஸ் பிராசர் என்பாரும் தனித் தொழிற்பள்ளிகளை வற்புறுத்தினர். உண்மையான ஆலையைப் போன்ற பட்டறையில், அத்தொழிலிலேயே உழைத்துத் தேர்ந்தவர் கற்பித்தாலன்றித் தொழில் வாராது என்பது பிராசரின் உறுதி. இதனை எதிர்த்தவர் புகழ்பெற்ற தத்துவ ஆசிரியர் ஜான் டூயி. 1914, 1915-ஆம் ஆண்டுகளில் ஒரு வாரப் பத்திரிகையில் அவரும் ஸ்னெடனும் வாதிட்டனர். தொழிலாளர் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி, ஏனையோர் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி என்று பிரித்தால், இருக்கும் ஏற்றத்தாழ்வைப் பள்ளியே காரையிட்டுப் பூசியதாகும் என்பது டூயியின் வாதம். இன்றைய ஆலைக்குப் பிள்ளையைப் பொருத்துவதன்று கல்வி. ஆலையையே மாற்றியமைக்கவல்ல அறிவை அவனுக்குக் கொடுப்பது கல்வி என்று அவர் கருதினார்.

வாதத்தில் டூயி வென்றிருக்கலாம். சட்டம் பிராசர் கையால் எழுதப்பட்டது. ஜார்ஜியா மாகாணத்தினராகிய ஹோக் ஸ்மித், டட்லி ஹ்யூஸ் என்னும் இருவர் பெயரால் வழங்கும் அச்சட்டத்திற் குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சன் 1917 பிப்ரவரி 23-இல் கையெழுத்திட்டார். பயிர்த்தொழில், கைத்தொழில், மனைத்தொழில் மூன்றையும் கற்பிக்கும் ஆசிரியர்களின் சம்பளத்துக்கும் பயிற்சிக்கும் மத்திய சர்க்கார் பணம் கொடுக்கும். மாகாணம் அதற்கு ஈடான பணத்தைத் தானும் போடுதல் வேண்டும். கைத்தொழில் மாணவன் தன் நேரத்திற் பாதியையேனும் பட்டறையிற் கழித்தல் வேண்டும். இச்சட்டத்தால் தொழிலாசிரியர் ஆயிரக்கணக்கிற் பெருகினர். செயின்ட் லூயிஸ் பள்ளியின் ஆறு மணிக் கணக்கோ மறைந்தது. கணிதமும் மொழியும் வரைதலும் பட்டறைக்குச் சமமாய் நின்ற இடத்தில், பட்டறை பாதியை எடுத்துக்கொண்டது. எஞ்சிய பாதியிலும் ஒரு பங்கு அத்தொழிலைச் சார்ந்த கணக்குக்கே சென்றது. மேற்படிப்புக்கு வாயில் குறுகிற்று. தென் மாகாணங்களிற் கறுப்பினப் பள்ளிகளுக்கு இப்பணத்திலும் நியாயமான பங்கு வந்து சேரவில்லை.

எனினும் இச்சட்டத்தால் விளைந்த நன்மையை மறைத்தல் ஆகாது. பயிர்த்தொழில் ஆசிரியரை எடுத்துக்கொள்க. அவருடைய மாணவன் ஆண்டில் ஆறு மாதமேனும் ஒரு நிலத்தில் மேற்பார்வையுடன் வேலை செய்தல் வேண்டும் என்று சட்டம் விதித்தது. ஆதலின் பள்ளிக்கூடம் மூடிய கோடைக்காலத்திலும் அவ்வாசிரியர் பண்ணை பண்ணையாகச் சென்றார். பையன் வளர்க்கும் பன்றியின் எடையையும், அவன் விதைத்த சோளத்தின் விளைச்சலையும், அவன் எழுதிய வரவு செலவுக் கணக்கையும் அவர் பார்த்தார். பிள்ளையின் வீட்டு அடுப்படி வரை சென்ற ஆசிரியர் அக்காலத்தில் அவரைப்போல் வேறொருவர் இருந்திருப்பாரோ என்பது ஐயமே.

தொழிலைக் கற்பிப்பதற்கு முன், எத்தொழில் தனக்கு ஏற்றது என்று பிள்ளை அறிவது எங்ஙனம்? பாஸ்டன் நகரில் பிராங்க் பார்சன்ஸ் என்பவர் 1908-இல் இதற்கென ஓர் ஆலோசனை நிலையம் தொடங்கினார். அவ்வாண்டிலேயே இறந்தார், அவரது நூல் மறு ஆண்டு வெளிவந்தது. தன்னை அறிதல், தொழில்களை அறிதல், இரண்டையும் இணைத்து நோக்குதல் என்னும் அவரது எளிய வழியே இன்றும் தொழிலாசிரியர் கையாளும் வழி.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இப்பள்ளிப் பட்டறைகள் இரவும் பகலும் ஓய்வின்றி இயங்கின. அதுவரை தையலும் சமையலுமே கற்ற பெண்கள் அங்கே இரும்பு ஒட்டவும் ஆணி அறையவும் கற்றுக் கப்பலும் விமானமும் கட்டச் சென்றனர். போர் முடிந்ததும் பெண்களை மீண்டும் அடுப்பங்கரைக்கு அனுப்பினர். பால் வேற்றுமை பார்த்துப் பள்ளிப் பாடத்தை மறுக்கலாகாது என்ற சட்டம் 1972-இல்தான் வந்தது. அதன் பின்னரே பள்ளிப் பட்டறை பெண்ணுக்கும் உரிமையாகத் திறந்தது.

1963-இல் புதிய சட்டம் பணத்தைப் பெருக்கியது. 1983-இல் நாடு ஆபத்தில் உள்ளதென்று ஓர் அரசாங்க அறிக்கை எச்சரிக்க, மாகாணங்கள் கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் கூட்டின. பட்டறைக்கு மாணவர் குறைந்தனர். பல பள்ளிகளிற் கடைசல் யந்திரங்கள் ஏலத்துக்குச் சென்றன. எல்லாரும் கலாசாலைக்கே என்பது பேச்சாயிற்று. 1984-இல் கார்ல் பெர்க்கின்ஸ் பெயரால் வந்த சட்டம் இக்கல்வியைத் தாங்கிப் பிடித்தது. அச்சட்டத்தை 2006-இல் புதுப்பித்தபோது பழைய பெயரை நீக்கி இன்றைய பெயரை இட்டனர். 2018-இல் மீண்டும் புதுப்பித்தனர். பெயர் மாறியது வெறும் அலங்காரமன்று. பழைய பெயரைக் கேட்டவுடன் ‘படிக்க மாட்டாதவன் போகுமிடம்’ என்று பெற்றோர் முகஞ்சுளித்தனர். புதிய சட்டங்கள் பட்டறைப் பாடத்தோடு கணிதமும் விஞ்ஞானமும் இணைந்திருத்தல் வேண்டும் என்றும், மாணவனுக்கு மேற்படிப்பின் வாயிலும் வேலையின் வாயிலும் ஒருங்கே திறந்திருத்தல் வேண்டும் என்றும் விதித்தன. நூறாண்டு சுற்றிச் சட்டம் உட்வர்டின் நாட்கூறுபாட்டுக்கு அருகே வந்து நின்றது.

நம் மலேயா நாட்டிலும் இதன் சாயல் உண்டு. 1906-இல் கோலாலம்பூரிலே தொழில்நுட்பப் பள்ளி தோன்றியது; மராமத்து இலாகாவுக்கும் ரயில்வேக்கும் ஆள் பயிற்றுவது அதன் நோக்கம். 1926-இல் அந்நகரிலேயே கைத்தொழிற் பள்ளி ஒன்று திறக்கப்பட்டது. தோட்டத்துப் பிள்ளைக்கோ அவ்விரண்டும் எட்டாக் கனி. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி தோட்டங்களில் தமிழ்ப் பள்ளிகள் எழுந்தன. அங்கே சில வகுப்புகள் தமிழ் படித்துவிட்டுப் பிள்ளை பால்வெட்டுக் கத்தியைக் கையில் எடுத்தான். அக்கத்தியைப் பிடிக்கக் கற்பித்தவர் தாய்தந்தையரே. சென்னையில் 1953-இல் திட்டமாக வந்தது இங்கே திட்டமின்றியே வழக்கமாயிருந்தது.

தோட்டத்து ஆபீசிற் பெயர்ப் பதிவும் சம்பளப் பட்டியலும் எழுதும் கிராணி வேலையில் இருப்பவன் யான். ‘என் பையனுக்கு உங்களைப்போல் எழுத்து வேலை கிடைக்குமா, கிராணியாரே?’ என்று கேட்ட தந்தையர் பலர். செம்பனை ஆலையில் யந்திரம் பார்க்கும் வேலைக்கு வழி கேட்டவர் மிகச் சிலர். சம்பளப் பட்டியலில் எந்த வரிசையில் எத்தொகை நிற்கிறது என்று அவர்கள் பார்த்ததில்லை. பார்த்த எனக்கு அவர்கள் கேள்வி வியப்பாயிருக்கிறது. ஆயினும் அவர்களைக் குறைகூற என் நாவெழவில்லை. மூன்று தலைமுறை கையுழைப்பால் அவமதிப்பையே கண்டவர், மகன் கையில் அழுக்குப் படாத வேலையை விரும்புவது இயல்பே. டஸ்கீகிச் சிறுவன் பிரெஞ்சு இலக்கணத்தை விரும்பியதும் அதனாலேயே.

இனி, இன்றைய அமெரிக்கத் தொழிலாசிரியரின் நாளைச் சிறிது நோக்குவோம். ஏனைய ஆசிரியரைப்போல் இவர் பல்கலைக்கழகத்தினின்றும் நேரே வருபவர் அல்லர். பல மாகாணங்களில் பட்டத்துக்குப் பதிலாகத் தொழிலிற் கழித்த ஆண்டுகளையே தகுதியாக ஏற்றுக்கொள்கின்றனர். பதினைந்தாண்டு மின்சார வேலை பார்த்தவர் ஒரு நாள் இருபது பிள்ளைகள் முன் நிற்பார். அவர் கைக்குத் தெரிந்ததை அவர் வாய் சொல்ல மறுக்கும். தாம் எண்ணாமற் செய்யும் ஒன்றைப் பத்துப் படிகளாகப் பிரித்துச் சொல்லும் வித்தையை, மாலை வகுப்புகளிற் சென்று அவர் தாமே மாணவராய்க் கற்கிறார். டெல்லா-வோஸ் செய்த பகுப்பை ஒவ்வொரு தொழிலாசிரியரும் தம் அளவில் மீண்டும் செய்தே ஆகவேண்டும்.

காலையிற் பட்டறையைத் திறந்தவுடன் அவர் பார்ப்பது சுவரிலுள்ள கருவிப் பலகையை. ஒவ்வொரு கருவியின் வடிவமும் பலகையில் வரையப்பட்டிருக்கும். வடிவம் வெறுமையாயிருப்பின் கருவி ஒன்று குறைகிறது என்பது பொருள். கண்ணாடி அணியாத கண்ணையும், முடியாத கூந்தலையும், தொங்கும் சட்டைக் கையையும் யந்திரத்தண்டை விடமாட்டார். வரலாற்று ஆசிரியர் ஒரு கணம் கண்ணயர்ந்தால் ஒரு தேதி பிழையாகும். இவர் கண்ணயர்ந்தால் ஒரு பிள்ளையின் விரல் போகும். பின்னர் ஒரு முறை தாமே செய்து காட்டுவார்; பிள்ளைகள் செய்வர்; இவர் மேசை மேசையாகச் செல்வார். அளந்து கிழித்த கோட்டுக்கு வெளியே அறுத்த பையனிடம் பேச்சு வேண்டாம். மூலைமட்டத்தை வைத்தால் அதுவே பேசும். எழுத்துத் தேர்விற் பலமுறை தோற்ற பிள்ளைக்கு, ஆசிரியரின் விருப்பு வெறுப்பு புகாத இத்தேர்வு பெருத்த ஆறுதல்.

மாலையில் ஆலைகளுக்கும் பணிமனைகளுக்கும் சென்று தம் மாணவர்க்கு வேலைப்பயிற்சி கேட்பதும், புதிதாய் வந்த யந்திரத்தைத் தாம் கற்பதும், பழைய யந்திரத்துக்கு உதிரிப் பாகம் வாங்கப் பள்ளித் தலைவரிடம் பணம் கேட்பதும் இவர் பணியே. தொழிலில் இருந்தபோது பெற்றதைவிடக் குறைந்த சம்பளத்துக்கே பலர் பள்ளிக்கு வருகின்றனர். ஆதலின் ஒட்டுவேலை ஆசிரியரும் மின்சார ஆசிரியரும் கிடைக்காமல் மாகாணங்கள் பல தேடி அலைகின்றன. ஆள் கிடைக்காத இடங்களிற் கருவிகள் யாவும் பலகையில் இருக்க, பட்டறை பூட்டிக் கிடக்கிறது.